மைக்கு அக்காவின் நுரையீரல்

பேருந்து நிலையத்தின் மாடிப்படி முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், கழுத்து ஒடிந்த ஒரு மின்விசிறி, வண்டி நேரங்கள் எழுதிய ஒரு நீள அட்டை. அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மைக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான நிலைய மேலாளர்கூட இரண்டொரு முறை வாய் தவறி அக்கா என்று சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறார்.

முதலில் அவள் கீழே டிக்கெட் கவுண்டரில்தான் இருந்தாள். அறிவிப்பு செய்கிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டதால், அன்றைக்கு மட்டும் என்று அவளை மேலே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கீழே இறக்க யாருக்கும் மனசு வரவில்லை. குரல் அப்படி. அதிகாரமும் இருக்கும், சிரிப்பும் இருக்கும். டீக்கடையில் நின்று அரட்டை அடிக்கிற ஓட்டுநரை, "ஏழாவது மேடை வண்டியின் ஓட்டுநர் கவனத்திற்கு, டீ ஆறினால் பரவாயில்லை, வண்டி ஆறிவிடக் கூடாது" என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். மேலாளர் கண்டிப்பார். அடுத்த வாரம் வேறு மாதிரி சொல்வாள்.

கல்யாணமும் மைக் பண்ணி வைத்ததுதான். பக்கத்துப் பணிமனையில் ஒரு மெக்கானிக் இருந்தார். எந்த வண்டி நின்றாலும் "பணிமனை மெக்கானிக் உடனே வரவும்" என்று அவள் அழைக்க, அவர் ஓடி வருவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இது நடந்ததில் மற்றவர்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். கேலி உண்மையாகிவிட்டது. பிள்ளை இல்லை. வீட்டில் அவர், அவள், அவருடைய அக்கா. அந்த நாத்தனாரை அவள் அண்ணி என்று கூப்பிட்டாலும், இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதாக யாரும் பார்த்ததில்லை. அண்ணிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து உண்டு. கருத்து கேட்காமலேயே வரும்.

கோளாறு முதலில் மைக்கில்தான் தெரிந்தது. காலையில் புறப்படுகிற ஒரு நெடுந்தூர வண்டி பதினோரு ஊர்களில் நிற்கும். அந்தப் பதினோரு பெயரையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. ஒருநாள் எட்டாவது ஊரோடு மூச்சு தீர்ந்துபோனது. அட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அதற்குள் வேறொரு வண்டி நுழைய, மீதி மூன்று ஊர் அப்படியே விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து, இனிமேல் எங்க ஊர்ல வண்டி நிக்காதா என்று கேட்டார். அன்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் ஆறாவது ஊரிலேயே மூச்சு நின்றபோது சிரிப்பு வரவில்லை.

தெருமுனை டாக்டர் டீசல் புகை என்றார். தூசி ஒவ்வாமை என்று உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கொடுத்தார். இரண்டு மாதம் உறிஞ்சினாள். ஒன்றும் மாறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பெரிய டாக்டர் என்று பெயர் எடுத்த ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்க நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. டிபி என்றார். சளியை மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் கிருமி இல்லை என்று வந்தது. அப்படியும் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்.

"கிருமி இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்" என்று அவள் கேட்டாள்.

சில பேருக்குச் சளியில் வராது என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே. வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது.

ஆறு மாதமும் ஒருநாள் விடாமல் விழுங்கினாள். சிறுநீர் செங்காவி நிறத்தில் போனது. வயிறு எரிந்தது. தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் அண்ணி தனியாக எடுத்து வைத்தாள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மூச்சு மட்டும் இருந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு படி கீழே போயிருந்தது.

மாத்திரை முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்தார்கள். திட்டு கூடியிருந்தது. உடனே ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாறினார்கள். மூன்று வாரத்தில் முகம் உப்பிப்போய், கண் இரண்டும் உள்ளே புதைந்துகொண்டன. கண்ணாடி பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணியோ சாப்பாடு போடும்போது அவளைக் கூர்ந்து பார்த்து, "இப்பதான் முகத்துல சதை பிடிச்சிருக்கு. நான் சொன்ன மாதிரி ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாகும்" என்றாள். தட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. எறிவதற்கு மூச்சு வேண்டுமே.

அதற்குப் பிறகு இன்னொரு டாக்டர். இவர் மென்மையாகப் பேசினார். தூக்கம் எப்படி, கவலை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். குழந்தை இல்லையே என்று ஏக்கமா என்று கேட்டார். கடைசியில் வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"பிரச்சனை இருக்கு டாக்டர். மாடி ஏறினா மூச்சு வாங்குது. இதைத்தான் ஒரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டே தூக்க மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டை அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நான்காகக் கிழித்தாள்.

வேலையை அவள் விடவில்லை. இருபத்தாறு படி ஏற இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுவாள். பத்துப் படி ஏறி, திருப்பத்தில் உட்கார்ந்து, கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்வாள். யாராவது கடந்து போனால், சாவி காணலை என்பாள். அறிவிப்பைத் துண்டு துண்டாக்கிக்கொண்டாள். இரண்டு ஊர் சொல்லிவிட்டு மைக் பொத்தானை அணைத்து மூச்சு வாங்கி, மறுபடி போட்டு அடுத்த இரண்டு ஊர். கீழே நிற்கிறவர்களுக்கு ஊருக்கு நடுவே டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மைக்கை மாற்றச் சொல்லி மேலாளர் மனு எழுதினார். புது மைக் வந்தது. டிக் டிக் போகவில்லை.

பதினான்காவது மாதம் காய்ச்சல் வந்தது. லேசான காய்ச்சல்தான் என்று வேலைக்குப் போனவள், அந்தப் படித் திருப்பத்திலேயே சரிந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்ததாகப் பத்திரிகைக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். பணிமனை மெக்கானிக்கைக் கூப்பிட மைக்கில் யாரும் இல்லாததால், ஒரு நடத்துநர் ஓடிப்போய் அழைத்து வந்தார். கிரீஸ் கையோடு அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டினார்கள். எழுபத்தொன்று காட்டியது. நர்ஸ் கருவியைத் தட்டிப் பார்த்தாள். அடுத்த விரலில் மாட்டினாள். எழுபது. வேறு கருவி கொண்டு வந்தாள். அதுவும் எழுபத்தொன்று. அரை மயக்கத்திலும் அவளுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. கருவியையாவது இவர்கள் நம்பக் கூடாதா என்று நினைத்தாள்.

ஐ.சி.யூ.வில் படுக்க வைத்து, மூக்கில் காற்று பீய்ச்சி அடிக்கிற பெரிய குழாயை மாட்டினார்கள். அது காதுக்குள் ஓயாமல் இரைந்தது. பெரிய டாக்டர் வந்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த வாரம்தான் அங்கே நுரையீரல் சிகிச்சைக்கென்று புதிதாக ஒரு பெண் டாக்டர் சேர்ந்திருந்தார். கட்டிலுக்கு மேலே தலை மட்டும் தெரிகிற உயரம். மைக்கு அக்கா மனசுக்குள் குட்டை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். குட்டை டாக்டர் பழைய காகிதம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். மெக்கானிக் ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டு வந்து கொடுத்தார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் காகிதத்திலிருந்து படித்தார். பதினான்கு மாதத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் படத்தில் உடைந்த தரைக்கல்லைப் பரப்பி வைத்த மாதிரி ஒரு கோலம் தெரிந்தது. குட்டை டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுக் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சினார். வந்தது பால் மாதிரி இருந்தது. சீசாவை மெக்கானிக்கிடம் காட்டினார். அரை மணி நேரத்தில் அடியில் மாவு மாதிரி படிந்துவிட்டது.

நோயின் பெயர் ஒரு வரி நீளம். அவர் எளிமையாகத்தான் சொன்னார். நுரையீரலுக்குள் இருக்கிற காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உடம்பு ஒரு வழவழப்பான திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பழையதை அள்ளி அப்புறப்படுத்தவும் உள்ளேயே ஆட்கள் உண்டு. இவங்க உடம்பில் அந்த அள்ளுகிற ஆட்களை வேலை செய்ய விடாமல் உடம்பே தடுக்கிறது. அதனால் திரவம் தேங்கித் தேங்கிக் காற்றுப் பையெல்லாம் நிரம்பிவிட்டது. காற்று நுழைய இடமில்லை. பல லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிற நோய். டிபி மாத்திரையும் கேட்காது, ஸ்டீராய்டும் கேட்காது. நுரையீரலைக் கழுவ வேண்டும்.

மெக்கானிக் திரும்பக் கேட்டார், கழுவுறதா என்று.

அவர் வேலையைத் தெரிந்துகொண்டிருந்த டாக்டர், "ரேடியேட்டர்ல அடைப்பு வந்தா தண்ணி விட்டு அலசுவீங்க இல்ல, அந்த மாதிரிதான்" என்றார்.

மெக்கானிக் சீசாவைத் தூக்கிப் பார்த்தார். "நாங்க வண்டியை நிறுத்திட்டு அலசுவோம் டாக்டர். நீங்க ஓட ஓட அலசணுமே."

"ஆமா. அதுதான் கஷ்டம்" என்றார் டாக்டர்.

ஒரு நுரையீரல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றதை உப்புநீரால் நிரப்பி வடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி உள்ள ஒரு குழாயைத் தொண்டைக்குள் இறக்குவார்கள். முழு மயக்கத்தில் செய்கிற வேலை.

இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி அவளும் கேட்டாள். பேச முடியவில்லை. காகித அட்டையைக் கேட்டு வாங்கி எழுதினாள்: ஆறு மாசம் மாத்திரை எதுக்கு?

குட்டை டாக்டர் படித்தார். "தப்பு நடந்திருக்கும்மா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்றார்.

யாரிடம் இருக்கு என்று எழுதினாள்.

நோய் தெரிந்துவிட்டது, இனி வேலை ஓடும் என்று நினைத்தார்கள். ஓடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இதை யாரும் செய்ததில்லை. செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். காலையிலிருந்து பட்டினி போட்டார்கள். மதியம் ஒரு விபத்துக் கேஸ் வந்து அறுவை அரங்கை எடுத்துக்கொண்டது. வியாழக்கிழமை மறுபடி பட்டினி. அன்றைக்கு அரங்கு இருந்தது, குழாய் இல்லை. அவள் தொண்டை அளவுக்குச் சின்னக் குழாய் வேண்டும். அலமாரியில் இருந்ததெல்லாம் ஆண்களுக்கான பெரிய அளவு. இரண்டு நாள் முன்னாடியே அளவு பார்த்திருக்கலாமே என்று மெக்கானிக் கேட்டார். சாதாரணமாகக் கோபப்படாத மனுஷர். பணிமனையில் போல்ட் அளவு பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

திங்கட்கிழமை குழாய் வந்தது. இடது நுரையீரலில் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். மூன்றாவது லிட்டரில் குழாய் இம்மி நகர்ந்து, தண்ணீர் மறு பக்கத்துக்குக் கசிந்துவிட்டது. ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவளை வென்டிலேட்டரில் போட்டு வெளியே கொண்டு வந்தார்கள். போகும்போது எழுதிக் காட்டியாவது சண்டை போட்டவள், திரும்பி வரும்போது கண் திறக்கவில்லை.

குட்டை டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். ஒரு நுரையீரலை வைத்துச் சமாளிக்கிற நிலையை அவள் தாண்டிவிட்டாள். இனிக் கழுவ வேண்டுமென்றால், ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிற இயந்திரம் வேண்டும். அது நகரத்தின் மறு கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் உண்டு. மூன்று இயந்திரம். மூன்றிலும் ஆள் இருக்கிறது.

அவர் அங்கே போன் செய்துகொண்டே இருந்தார். அங்கிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: பிழைப்பார் என்று என்ன நிச்சயம்? நுரையீரல் கெட்டுப்போகவில்லை, நிரம்பித்தான் இருக்கிறது, காலி செய்தால் வேலை செய்யும் என்று இவர் விளக்குவார். பார்க்கிறோம் என்பார்கள். மறுநாள் போனில் வேறு ஆள் இருப்பார். முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் அண்ணி உள்ளே புகுந்தாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரப் பிரிவின் தலைமை டாக்டர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு பிளாஸ்க். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, "என் தம்பி பொண்டாட்டிக்கு இடம் ஆச்சா?" என்று கேட்பாள். ஆகலை என்றால் உட்கார்ந்துகொள்வாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. காவலாளி இரண்டு முறை வெளியே அனுப்பிப் பார்த்தார். வேறு வாசல் வழியாக வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் கருத்து சொல்லிச் சொல்லி உயிரை எடுத்தவள், அங்கே மூன்று நாளும் அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு நோயாளி தேறி இயந்திரம் காலியானது. தலைமை டாக்டர் கதவைத் திறந்து, அவள் வாயைத் திறப்பதற்குள், ஆச்சு என்றார். தான் உட்கார்ந்ததால்தான் கிடைத்தது என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறாள். இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை.

வென்டிலேட்டரோடு ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். குட்டை டாக்டரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே போனார். உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் மைக்கு அக்கா பிற்பாடு தெரிந்துகொண்டாள். தொடையிலும் கழுத்திலும் தடித்த குழாய் போட்டு ரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பினார்கள். பிறகு இடது நுரையீரலுக்குள், உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய உப்புநீர், ஒரு தடவைக்கு ஒரு லிட்டர். உள்ளே போனதும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையைக் குவித்து நெஞ்சின் மேல் தட்டிக்கொண்டே இருப்பார், படிந்தது கலங்கட்டும் என்று. பிறகு குழாயைக் கீழே தாழ்த்தித் தரையில் இருக்கிற கண்ணாடி ஜாடியில் வடிப்பார்கள். முதல் ஜாடி கெட்டிப் பால். இரண்டாவதும் அப்படியே. ஜாடிகளைச் சுவரோரமாக வரிசையாக வைத்தார்கள். பத்தாவது ஜாடி மோர் மாதிரி. பதினைந்தாவது ஜாடிக்குப் பின்னால் காகிதத்தை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது. ஐந்து மணி நேரம். தட்டுகிறவர்கள் கை வலித்து மூன்று பேர் மாறினார்கள்.

வெளியே வந்து கணக்குச் சொன்னபோது மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதினைந்து லிட்டர் உள்ளே போச்சு, பதினாலேகால்தான் வெளியே வந்தது, மீதி எங்கே? உடம்பு உறிஞ்சிக்கொண்டது, சிறுநீரில் போய்விடும் என்றார் டாக்டர். அதுவரை அவர் மூத்திரப் பையின் அளவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்கு நாள் கழித்து வலது பக்கம். அடுத்த இரண்டு நாளில் இயந்திரத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தொண்டைக் குழாயையும் எடுத்தார்கள்.

குட்டை டாக்டர் கட்டிலோரம் நின்று, நன்றாக இழுத்து மூச்சு விடச் சொன்னார். அவள் பயந்து பயந்து இழுத்தாள். காற்று போனது. இன்னும் போனது. விலா எலும்பின் அடிவரைக்கும் போய் நிறைந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பாள் என்று. அவள் அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தாள். ஆனந்தமெல்லாம் இல்லை. இவ்வளவு காற்று எட்டுகிற தூரத்திலேயே இருந்திருக்கிறது, யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் காகிதங்களைப் படித்திருந்தால் போன வருஷமே கிடைத்திருக்கும் என்ற ஆத்திரம். அதைச் சொல்லக் குரல் இல்லை. தொண்டை முழுக்க ரணம்.

குரல் வர ஆறு வாரம் ஆனது. முன்னைவிடக் கொஞ்சம் கரகரப்பு. ஆனாலும் அவள் குரல்தான்.

வேலைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அலுவலக மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டி, நோய் என்ற இடத்தில் காசநோய் என்று எழுதினார். அது இல்லை என்று அவள் சொல்லி, சரியான பெயரை எழுதிக் காட்டினாள். கணினிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையாம். பட்டியலில் இல்லாததைப் போட வழி இல்லையாம். மற்றவை என்று போடுங்கள் என்றாள். மற்றவை போட்டால் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. இரண்டு மாதம் அவளை விசாரணைக் கவுண்டரில், ஒரு தடுப்புக்குப் பின்னால் தனியாக உட்கார வைத்தார்கள். பழகியவர்கள்கூட எட்ட நின்று பேசினார்கள். கடைசியில் குட்டை டாக்டரே நேரில் வந்து அந்த விளக்கக் கடிதத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் மைக் திரும்பக் கிடைத்தது.

இந்த நோய் கழுவினால் போய்விடுகிறதில்லை. மறுபடி தேங்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பதின்மூன்று மாதம் கழித்து, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கை ஓய்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தாமதிக்கவில்லை. அன்று காலையே அவசரப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த புது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முன்னாடி டிபி வந்திருக்கா என்று ஆரம்பித்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேனா எடுங்க. நான் சொல்றதை எழுதிக்கோங்க" என்றாள். நோயின் ஒரு வரிப் பெயரையும், என்னென்ன மாத்திரை கூடாது என்பதையும், எந்த அளவுக் குழாய் என்பதையும், எந்த டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னாள். அவர் முதலில் தயங்கினார். பிறகு எழுதினார். எழுத்து சரியா என்று வாங்கிப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள். சீக்கிரம் வந்ததால் அந்தத் தடவை வெளி இயந்திரம் தேவைப்படவில்லை. பத்து நாளில் இரண்டு பக்கமும் கழுவி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூச்சோடு உள்ளே இழுத்தால், முடங்கிக் கிடக்கிற அந்த அள்ளுகிற ஆட்களைத் தட்டி எழுப்புகிற மருந்து ஒன்று எங்கோ இருக்கிறதாம். இங்கே வருவதில்லை. வரவழைக்க அனுமதி கேட்டு குட்டை டாக்டர் அரசுக்கு மூன்று கடிதம் போட்டார். முதல் கடிதத்துக்குப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுகூட வரவில்லை.

போன மாதம் சோதனைக்குப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய டாக்டர் எதிரே வந்தார். பின்னால் நான்கைந்து மாணவர்கள். அவரே நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, இது ரொம்ப அபூர்வமான நோய், யாருக்குமே சட்டென்று தோன்றாது என்றார். மெக்கானிக் அவள் முழங்கையைத் தொட்டார், வேண்டாம் என்கிற மாதிரி. அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

"தோணலைன்னா தப்பில்லை சார். தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வேற ஆளைத் தேடிப் போயிருப்பேன். தெரிஞ்ச மாதிரி ஆறு மாசம் என்னை உட்கார வச்சிட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரல் வராந்தா முழுக்கக் கேட்கிற குரல். பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாணவி மட்டும் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். வார்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் நகர்ந்தார். மாணவர்களும் நகர்ந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெக்கானிக் கேட்டார், இப்பவாவது மனசு ஆறுச்சா என்று.

"இல்லைங்க. என்னென்னவோ கேட்கணும்னு வச்சிருந்தேன். பாதியைத்தான் கேட்டேன்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் இருந்த கோப்பில், மருந்து கேட்டு எழுதிய நான்காவது கடிதத்தின் நகல் இருந்தது. இந்தத் தடவை டாக்டர் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரில் இரண்டு பத்தி அவளும் எழுதியிருந்தாள். வீடு வரும்வரை அதை எடுத்து எடுத்துப் படித்து, இன்னும் கொஞ்சம் காரமாக எழுதியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.